நாவல்பழ நிறத்தில் ஒரு சட்டை

கண்டி நகரில் கொழும்பு வீதியில் இருந்த பளீல் ஹாஜியாரின் உடுப்புக் கடை புதிதாகக் கண்ணாடி முகப்பு வைத்துக்கொண்ட வருடம், படியேறிப் போகும் மேல் தட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று திறந்தார்கள். வங்கி, அரசாங்கக் கச்சேரி, காப்புறுதிக் கம்பனி என்று காலையில் டவுனில் வந்து இறங்கும் பெண்கள் இனி நல்ல உடுப்புக்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்று ஹாஜியார் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரிவுக்குத் தன்னைத்தான் போடுவார்கள் என்று லோகநாயகி நம்பியிருந்தாள். கடையில் அவள் பழைய ஆள். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவாள், தேவையான அளவு இங்கிலீசும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்தி உள்ளே வரும்போதே அவளுக்கு எந்த நிறம் எடுக்கும், எந்தக் கழுத்து பொருந்தும் என்று லோகநாயகிக்குத் தோன்றிவிடும். பொதி கட்டும் மேசையில் நின்றபடியே எத்தனையோ பேருக்கு, "மிஸ், இத மாத்திட்டு அந்த நீலத்த எடுங்க" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஆனால் மேல் தட்டுக்குப் போகும் பெண்களின் பெயர்களை மேற்பார்வையாளர் செல்லச்சாமி வாசித்தபோது அவள் பெயர் வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு அவரிடம் போய்க் கேட்டாள்.

"நான் இல்லையா அண்ணன்?"

செல்லச்சாமி கெட்டவர் அல்ல. சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கழுத்தைத் தடவினார். "கோவிச்சுக்காத புள்ள. மேல எல்லாம் ஸ்டைல் சாமான். அங்க நிக்கிற புள்ளைங்களும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்ல? நீ கீழயே பொதிய பாத்துக்க. அங்க ஒன்ன விட்டா ஆள் இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். மற்றப் பெண்களுக்கு இடுப்போடு வரும் அழகான மெரூன் மேற்சட்டை யூனிபோர்மாகக் கொடுத்திருந்தார்கள். அதில் அவள் அளவு இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஸ்டோர் ஆண்களுக்குத் தைத்த டீ-சேர்ட். பெரிய மார்பும் அகன்ற இடுப்பும் உள்ள அவள் மேல் அது தோளிலிருந்து நேரே கீழே தொங்கும். போதாததற்கு மேலே ஒரு கறுப்புச் சால்வையும் குத்திக்கொள்வாள். பஸ்ஸில் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொடங்கிய பழக்கம் அது. கையே அதைத் தானாகச் செய்யும்.

மேல் தட்டு திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் படியில் வேகமாக இறங்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நல்ல வாட்டசாட்டமான உடம்பு, கையில் ஒன்றும் இல்லாமல் இறங்கி வந்தாள். முகம் சிவந்து போயிருந்தது. லோகநாயகிக்கு அவளைத் தெரியும். பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரி, சுகிர்தா என்று பெயர். மாதம் ஒருமுறையாவது வந்து பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பாள்.

"என்ன டொக்டர், ஒண்ணும் புடிக்கலையா?"

"பிடிச்சுது, நிறையப் பிடிச்சுது. ஒண்டும் எனக்கு அளவில்லையாம். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த உடனேயே சொல்லிப்போட்டுது, 'உங்கட சைஸ் எங்கயும் வராது அன்ரி' எண்டு." இறங்கி வந்த படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அடுத்த மாதம் கொழும்பில பெரிய கூட்டம் ஒண்டில பேசப் போறன். முதல் தடவை. ஒரு நல்ல சட்டை போடுவம் எண்டு ஆசைப்பட்டன், அவ்வளவுதான்."

லோகநாயகிக்குப் பேச்சு தானாக வந்தது. "உங்களுக்கு இருக்கு டொக்டர். ரெடிமேட்ல தேடாதீங்க. தோள்ல சரியா நின்னு, நெஞ்சுக்குக் கீழ புடிச்சு, அங்கருந்து விரிஞ்சு எறங்குற மாதிரி ஒண்ணு. கழுத்து கொஞ்சம் எறக்கமா. நீங்க போட்டா எவ்வளவு எடுப்பா இருக்கும் தெரியுமா?"

டொக்டர் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அந்தப் பார்வையில் இளக்காரம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது.

"குறை நினையாதேயும். நீரே ஆம்பிளையளின்ர சேர்ட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு நிக்கிறீர். எனக்கு என்னத்தைச் சொல்லப் போறீர்?"

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போலும். லோகநாயகியின் கையை ஒருமுறை தொட்டுவிட்டு வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் வரை லோகநாயகி பொதி கட்டிக்கொண்டே அதையே நினைத்தாள். செல்லச்சாமி சொன்னது வலித்தது, ஆனால் அது அவர் நினைப்பு, அவர் வாய். டொக்டர் சொன்னது வேறு. அது உண்மை. மற்றவர்களுக்கெல்லாம் அழகு பார்க்கத் தெரிந்த கண்ணைத் தன் பக்கம் அவள் ஒருநாளும் திருப்பியதில்லை. கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகரத்தான் அவளுக்குத் தெரியும்.

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை வந்ததும் அவள் அக்குறணைக்கு பஸ் ஏறினாள். அங்கே ருக்கியா இருந்தாள். முன்பு இதே கடையில் ஒன்றாக வேலை செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கடையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். வழியில் கடையொன்றில் ஏறி லோகநாயகி துணி எடுத்தாள். எப்போதும் போலக் கை கறுப்பின் பக்கம்தான் போனது. பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, பழுத்த நாவல்பழத்தின் நிறத்தில் கனமாக மடிந்து விழும் ஒரு துணியை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். அதையே வெட்டித் தரச் சொன்னாள்.

ருக்கியா துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யாருக்கு இது?"

"எனக்குத்தான். வேலைக்குப் போட."

"அல்லாவே, இப்பயாவது புத்தி வந்திச்சே!" ருக்கியா அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தச் சால்வையக் கழட்டு. கைய எடு. கைய எடுடி, நெஞ்சில கைய வெச்சிக்கிட்டு நின்டா நான் எதை அளக்கிற?"

"கொஞ்சம் லூசாவே இருக்கட்டும் ருக்கியா."

"இவ்வளவு காலமும் லூசாத்தானே போட்டாய்? மெலிஞ்சா தெரிஞ்சாய்? மறைக்க மறைக்க மூட்டை மாதிரித்தான் ஈக்கும். ஒடம்புல இடுப்பு ஈக்குதானே, அது எங்க ஈக்குதுன்னு துணிக்குத் தெரிய வாணாமா?"

இருவரும் அன்று முழுக்க அந்தச் சட்டையோடு மல்லுக்கட்டினார்கள். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது மார்பில் இழுத்தது, பிரித்தார்கள். கழுத்து வட்டமாக வேண்டும் என்றாள் ருக்கியா, இல்லை, கூராக இறங்கட்டும், அப்போதுதான் முகம் நீளமாகத் தெரியும் என்றாள் லோகநாயகி. அதற்கு ஒரு சண்டை. லோகநாயகி சொன்னதுதான் நின்றது. கை முழங்கை வரை, ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு. மார்பின் இரு பக்கமும் தோளிலிருந்து இடுப்பு வரை நீளமாகப் பிடித்துத் தைத்து, இடுப்புக்குக் கீழே துணியைச் சும்மா விழ விட்டார்கள். பாவாடைப் பகுதி முழங்காலைத் தாண்டி இறங்கியது.

கடைசியாகப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன் போய் நின்றாள். ருக்கியா பின்னால் நின்றாள். கண்ணாடியில் இருந்தவளும் பெரிய உடம்புக்காரிதான், ஒரு சுற்றும் குறைந்திருக்கவில்லை. ஆனால் அந்த உடம்புக்கு ஒரு வடிவம் இருந்தது. தோள் நேராக இருந்தது, இடுப்பு உள்வாங்கியிருந்தது, அதற்குக் கீழே துணி அலையாக இறங்கியது. லோகநாயகி பக்கவாட்டில் திரும்பினாள். பிறகு மறுபக்கம் திரும்பினாள்.

"இது நானாடி?"

"பின்ன, நானா?" என்றாள் ருக்கியா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க ஊசிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அம்மா அங்கம்மா அவளை மறித்தாள். "இதப் போட்டுக்கிட்டா பஸ்ஸுல போகப் போற? ஒடம்பு எல்லாம் தெரியுதே புள்ள."

"எங்கம்மா தெரியுது? கழுத்துலருந்து கால் வரைக்கும் மூடித்தானே இருக்கு."

"மூடித்தான் இருக்கு." அங்கம்மா யோசித்தாள். "ஆனா ஆள் தெரியுது."

"தெரியட்டும்மா."

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பேராதனைப் பாலம் வரும் வரை கை இல்லாத சால்வையைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மறந்துபோனது, அல்லது மறந்ததுபோல் இருந்தது. கடை வாசலில் செல்லச்சாமி நின்றார்.

"யூனிபோர்ம் எங்க புள்ள?"

"எனக்கு இன்னும் யூனிபோர்ம் தரலையே அண்ணன். ஸ்டோர் ஆளுங்களோட டீ-சேர்ட்தான் தந்தீங்க. என் அளவுல மெரூன் சட்ட வந்தா அன்னைக்குப் போட்டுக்கிறேன்."

அவள் அப்படி நிமிர்ந்து பேசி அவர் பார்த்ததில்லை. வழிவிட்டு நின்றார்.

அன்று காலையிலேயே தொடங்கிவிட்டது. பொதி வாங்க வந்த ஒரு வங்கிக்காரம்மா பொதியை வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த கவும் எது தட்டில?" என்று அவள் சட்டையைச் சுட்டிக்காட்டி, சிங்களமும் தமிழும் கலந்து கேட்டாள். இது கடையில் விற்பதல்ல என்று லோகநாயகி சொல்ல, அவள் நம்பாமல் மேலே ஏறிப் போனாள். பிறகு ஒரு தாதி, பிறகு கச்சேரியில் வேலை செய்யும் தாயும் மகளும். கேட்டவர்களில் பாதிப் பேர் பெரிய உடம்புக்காரர்களும் அல்ல. வாரம் முடிவதற்குள் மேல் தட்டில் நிற்கும் பெண்களுக்கு, "கீழ நிக்கிற மிஸ் போட்டிருக்கிறது வேணும்" என்பதற்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது.

டொக்டர் சுகிர்தாவும் வந்தாள். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வந்தவள், மேசைக்கு முன் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓ... பிள்ளை!"

"இப்ப சொல்லலாமா டொக்டர்?" என்று லோகநாயகி சிரித்தாள்.

டொக்டரும் சிரித்துவிட்டாள். "ஓம், இப்ப சொல்லும். நீர் சொல்லுறதையெல்லாம் கேக்கிறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே லோகநாயகி அவளை அக்குறணைக்கு அழைத்துப் போனாள். டொக்டருக்குச் செங்கல் நிறம் எடுக்கும் என்று லோகநாயகி சொன்னதை முதலில் அவள் ஏற்கவில்லை. தைத்துப் போட்டுப் பார்த்த பிறகு கழற்ற மனமில்லாமல் அதோடேயே தேநீர் குடித்தாள். கொழும்புக் கூட்டத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். மேடைக்கு ஏறும்போது சேலையை இழுத்துவிடும் பழைய பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனதாகவும், இழுத்துவிட அங்கே ஒன்றும் இல்லை என்று உணர்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டதாகவும், அந்தச் சிரிப்போடேயே பேச்சைத் தொடங்கியதாகவும் பிறகு வந்து சொன்னாள்.

இதெல்லாம் பளீல் ஹாஜியார் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, சட்டையைத் தள்ளி நின்று பார்த்தார். வியாபாரியின் கண்.

"யார் தெச்ச இத?"

"ருக்கியா, முதலாளி. வெட்டு நாங்க ரெண்டு பேரும் யோசிச்சது."

"ம். நல்லாத்தான் ஈக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அடுத்த மாதமே மேல் தட்டில் ஒரு உடுப்புத் தாங்கி நிறைய அதே மாதிரிச் சட்டைகள் வந்து தொங்கின. நாவல்பழ நிறம், கூர்க் கழுத்து, முழங்கைக் கை. அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுநாயக்கப் பக்கத்துத் தையல் தொழிற்சாலை எதிலோ கொடுத்துத் தைத்திருந்தார்கள்.

லோகநாயகி பகல் சாப்பாட்டு நேரத்தில் மேலே போய்ப் பெரிய அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தாள். போட்ட உடனேயே தெரிந்துவிட்டது. மெலிந்த பெண்ணின் சட்டையை அப்படியே நாலா பக்கமும் இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். தோள் கையில் வழிந்தது. கழுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இடுப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. அப்படியிருந்தும் மார்பில் மட்டும் பிடித்து இழுத்தது.

முன்பு என்றால் சத்தமில்லாமல் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே போயிருப்பாள். அன்று கதவைத் திறந்துகொண்டு அப்படியே வெளியே வந்தாள். மேல் தட்டில் நல்ல கூட்டம். ஹாஜியார் காசாளர் பக்கத்துக் கதிரையில் இருந்தார், செல்லச்சாமி அவருக்குப் பக்கத்தில். லோகநாயகி தளத்தின் நடுவில், எல்லா வெளிச்சமும் விழும் இடத்தில் போய் நின்றாள்.

"முதலாளி, கொஞ்சம் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கைகளைத் தூக்கிக் காட்டினாள். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். வாழ்நாளெல்லாம் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மூடி வைத்த உடம்பை இத்தனை பேருக்கு நடுவில் நிறுத்தி, இங்கே பாருங்கள், அங்கே பாருங்கள் என்று தானே காட்டினாள். கூச்சம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

"தோள் எங்க நிக்குது பாருங்க. இதப் போட்டுக்கிட்டு ஒருத்தி ஓபிஸுக்குப் போனா நாளெல்லாம் தோள இழுத்து விட்டுக்கிட்டுத்தான் இருப்பா. எங்கள மாதிரி ஆளுங்க பெருசாக்கின சின்னப் பொண்ணுங்க இல்ல முதலாளி. எங்களுக்கு வெட்டே வேற. இத வாங்கிட்டுப் போறவங்க மறுபடி இந்தப் படியேற மாட்டாங்க."

பிறகு தாங்கிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பருத்த அம்மா தன் கையிலிருந்த அதே சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, "அவ சொல்றது சரிதானே" என்று சிங்களத்தில் சத்தமாகவே சொன்னாள்.

ஹாஜியார் எழுந்து வந்தார். கோபம் என்றுதான் செல்லச்சாமி நினைத்தார். அவர் கழுத்து வெட்டைக் கையால் சுட்டி, "இது ஏன் இப்பிடி நிக்குது?" என்று கேட்டார். அவள் விளக்கினாள். தோளைக் கேட்டார், அதையும் விளக்கினாள்.

"சரி மகள். இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க."

"இதையெல்லாம் எறக்கிடுங்க. ருக்கியா வெட்டட்டும், துணியும் மாதிரியும் நான் தெரிவு செய்றேன். ஒவ்வொரு அளவையும் அந்த அளவு ஆள் ஒருத்தர் போட்டுப் பாத்த பொறகுதான் கடைக்கு வரணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்தப் பகுதிய நான்தான் பாப்பேன். மேல நின்னு."

ஹாஜியார் செல்லச்சாமியைப் பார்த்தார். செல்லச்சாமி கூரையைப் பார்த்தார்.

"பின்ன கீழ நின்டா பாப்பாங்க?" என்றார் ஹாஜியார். "நாளைக்கே மேல வாங்க."

அடுத்த சில மாதங்கள் ஓட்டமாக ஓடின. ருக்கியாவின் முன்னறை போதாமல் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொண்டாள், அவளோடு நான்கைந்து பெண்கள் தைத்தார்கள். மேல் தட்டில் லோகநாயகியின் பக்கம்தான் சனம் நின்றது. வருகிறவர்கள் வெட்கத்தோடு வருவார்கள், பாதிப் பேர் வாசலிலேயே, "எனக்கு இருக்காது, சும்மா பாக்க வந்தேன்" என்பார்கள். அவள் வாங்க என்று கூப்பிடும்போதே அவள் உடுத்தியிருப்பதைப் பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் அதிகம் பேச வேண்டியிருக்காது. அவளும் நாளுக்கொன்றாக உடுத்தினாள். மஞ்சள்கூட உடுத்தினாள். குறுக்குக் கோடு போட்டால் இன்னும் அகலமாகத் தெரியும் என்று யாரோ சொன்னதற்காகவே ஒருநாள் குறுக்குக் கோடும் உடுத்திக்கொண்டு வந்தாள். அன்று அந்தக் கோட்டுத் துணியில் தைத்தவை ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு பின்னேரம் கடை காலியான நேரம் பார்த்து செல்லச்சாமி வந்தார். "எங்க வீட்டுக்காரிக்கு ஒண்ணு வேணும் புள்ள. திகன ஸ்கூல்ல ஓபிஸ்ல வேல. கல்யாணம் காச்சின்னாகூட வர மாட்டேங்குறா, உடுக்க ஒண்ணும் நல்லா இல்லைன்னு சொல்றா."

அவருக்கு என்னென்ன பதில் சொல்லலாம் என்று லோகநாயகி முன்பெல்லாம் இரவில் யோசித்து வைத்ததுண்டு. அதில் ஒன்றும் அப்போது தேவைப்படவில்லை. "அவங்களையே கூட்டிட்டு வாங்க அண்ணன். நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

முகப்புக் கண்ணாடிக்குள் வைக்கப் பெரிய உடம்புப் பொம்மை ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கொழும்பில் தேடியும் கிடைக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி ஒல்லிப் பொம்மைகள்.

"பொம்மை எதுக்கு?" என்றார் ஹாஜியார். "நீங்களே ஈக்கிறீங்க."

படம் எடுக்கிறவர் வந்தார். ஆள் உயரத்துக்கு அச்சடித்த படம் தீபாவளிக்கு முந்திய வாரம் முகப்பில் ஏறியது. நீலச் சட்டையில், ஒரு கையை இடுப்பில் வைத்தபடி லோகநாயகி. கலஹாவிலிருந்து அங்கம்மா இரண்டு மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்கவென்றே வந்தாள். நடைபாதையில் போகிறவர்கள் இடிக்க இடிக்க நகராமல் நின்று பார்த்தாள். "எங்க வீட்டுப் புள்ளதாங்க" என்று தெரியாத ஒருவரிடம் சொன்னாள், அவர் சிங்களவர் என்று தெரிந்தும் தமிழிலேயே சொன்னாள்.

லோகநாயகி மட்டும் அந்தப் படத்தை நேராகப் பார்க்காமல் முதல் சில நாட்கள் பக்கவாசலால் கடைக்குள் போனாள். பிறகு ஒரு காலையில், கடை திறக்கும் முன், வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். இளவெயில் கண்ணாடியில் விழுந்திருந்தது. பஸ்கள் இடையில் வந்து மறைப்பதும் விலகுவதுமாக இருந்தன. ஒவ்வொரு முறை விலகும்போதும் அவள் அங்கே நின்றாள், முழுதாக, நிமிர்ந்து.

பக்கத்தில் ஓபிஸ் பை மாட்டிய ஒரு தடித்த இளம் பெண்ணும் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பியவள் லோகநாயகியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"அக்கா, அது நீங்கதானே?"

"நான்தான்" என்றாள் லோகநாயகி. "வாங்க, கடை திறக்கப் போறோம்."